பெர்மாங்கனேட்டுக்கு எந்த அமிலம்?

இரும்பு உப்பான பெரஸ் அம்மோனியம் சல்பேட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது (டைட்ரேஷன்: வினைக்கு எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று அளந்து இரும்பைக் கணக்கிடுவது), அமில ஊடகம் இருந்தால் போதும், கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்க்கலாம் என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. பலர் அதை வழிமொழிகிறார்கள். அது சரியல்ல. பெர்மாங்கனேட் இரும்பை மட்டுமின்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலுள்ள குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றிக் குளோரினாக்கும். இரும்பு உடனிருக்கும்போது இந்தப் பக்கவினை இன்னும் வேகம் பிடிக்கும். அதனால் பியூரெட்டிலிருந்து செலவாகும் பெர்மாங்கனேட்டின் அளவு கூடும். கணக்கில் இரும்பும் கூடித் தெரியும்.

பாடநூல் அட்டவணையில் திட்ட ஒடுக்க மின்னழுத்தங்களைப் பாருங்கள்: அமில ஊடகத்தில் பெர்மாங்கனேட்டுக்கு 1.51 வோல்ட், குளோரினுக்கு 1.36 வோல்ட். மதிப்பு கூடிய பெர்மாங்கனேட் குளோரைடை ஆக்ஸிஜனேற்ற வல்லது என்பது இதன் பொருள். ஆய்வகத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. ஒரே கரைசலில் சம அளவு பிப்பெட்டால் எடுத்து, ஒரு கூம்புக்குடுவையில் நீர்த்த கந்தக அமிலமும் மற்றொன்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துத் தரம் பாருங்கள். இரண்டாவதில் அளவு கூடும். முடிவைக் காட்டும் வெளிர் இளஞ்சிவப்பு நிலைக்காமல் மெல்ல மங்கும்.

குளோரைடைத் தவிர்க்கவே முடியாத தாதுப் பகுப்பாய்வில், இந்தப் பக்கவினையைத் தடுக்க, மாங்கனீசு சல்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த சிம்மர்மன்–ரெயின்ஹார்ட் கரைசலைச் சேர்ப்பார்கள். குளோரைடு தொல்லை தராது என்றால் அதற்குத் தேவையே இருந்திருக்காதே!