லெபனானிலிருந்து கிளம்பும் தேதி

லெபனானில் இருக்கும் நம் மலேசிய அமைதிப்படை பற்றி நேற்று பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பேச்சு வந்தது. "நம்ம பிள்ளைங்க எதுக்கு ஊரான் சண்டையில அடிபடணும்? வரட்டும்" என்றார் பக்கத்து மேசை அண்ணன். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் லெபனானின் சைடா நகர் அருகே இஸ்ரேல் ஒரு காரைக் குறிவைத்து அடித்தபோது, அவ்வழியே போன நம் வீரர்கள் காயப்பட்டார்கள். என் அக்கா மகன் அப்போது அங்கேதான் இருந்தான். அவன் குரலைக் கேட்கும்வரை அக்கா சோறு தொடவில்லை.

இருந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் எடுத்த முடிவின்படி, 1978 முதல் அங்கே இருக்கும் யூனிஃபில் என்ற ஐ.நா. அமைதிப்படையின் பணி 2026 டிசம்பர் 31-இல் முடிகிறது. அடுத்த ஓராண்டுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். தெற்கு லெபனானை அந்நாட்டு ராணுவம் தனியாகத் தாங்குமா என்று பார்த்துக் குறித்த தேதியா இது? 2020-இல் காசில்லாமல் வீரர்களின் சாப்பாட்டிலிருந்து இறைச்சியையே எடுத்துவிட்ட ராணுவம் அது.

யூனிஃபில், லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவையும் நிறுத்தவில்லை, இஸ்ரேலையும் நிறுத்தவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் எல்லை மீறினார்கள் என்று பார்த்து எழுத அங்கே ஓர் ஆள் இருந்தார்.

எனக்கு ருவாண்டாதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அங்கே டுட்சி இன மக்களைக் கொன்று குவிக்கத் தொடங்கிய 1994 ஏப்ரல் 7-இல், ஐ.நா. படையிலிருந்த பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் சுமார் 2,000 பேர் அந்தப் படையை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11-இல் ராணுவ வண்டிகள் கிளம்பின. கத்தியோடு வெளியே காத்திருந்த ஹூட்டு கும்பல்களுக்கு அதற்கு மேல் தடையே இல்லை. அன்றே பெரும்பாலோரைக் கொன்றார்கள். பத்து நாளில் பாதுகாப்பு மன்றம் மிச்சமிருந்த ஐ.நா. படையையும் 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அந்தப் பத்து வீரர்களின் அம்மாக்களும் அக்காவைப் போலத்தான் துடித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்திலும் அம்மாக்கள் இருந்தார்கள்.

நம் கதையையே பாருங்கள். 1957-இல் சுதந்திரம் வந்த மறுநாளே காமன்வெல்த் படைகள் கப்பல் ஏறிவிடவில்லை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடியும்வரை நம் ராணுவத்தோடு சேர்ந்து நின்றன. அந்த அவகாசத்தில்தான் நம் படை வளர்ந்தது.

நம் பிள்ளைகள் காலமெல்லாம் அங்கேயே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முகாமையும் லெபனான் ராணுவம் ஏற்று நடத்துகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த முகாமைக் காலி செய்யுங்கள் என்கிறேன். இத்தனை ஆண்டு வீரர்களை அனுப்பிய மலேசியாவுக்கு இதை ஐ.நா.வில் எழுந்து கேட்க உரிமை இருக்கிறது. கேட்க வேண்டும்.