பரோலோ திராட்சையின் பெயர் அல்ல

இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியட்மாண்ட் பகுதியைப் பற்றி ஒருவர், "பியட்மாண்ட்டில் பரோலோ, பார்பரெஸ்கோ என இரண்டு திராட்சை வகைகள் விளைகின்றன, சாப்பாடு வழக்கமான தக்காளியும் ஆலிவ் எண்ணெயும்தான்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

பரோலோவும் பார்பரெஸ்கோவும் பியட்மாண்ட்டின் லாங்கே குன்றுகளில் உள்ள ஊர்கள். அந்த ஊர்களின் பெயரைத் தாங்கிய இரண்டு சிவப்பு ஒயின்களும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருபவை. மண்ணும் சரிவும் வேறு, விதிமுறையும் வேறு: பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள் முதிரவிட வேண்டும், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதங்களும் அதில் 9 மாதங்களும் போதும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். கோப்பையில் வெளிறிய சிவப்பாகத் தெரியும். வாயில் வைத்தால் இளம் பரோலோவின் துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து இழுக்கும்.

சாப்பாட்டிலும் இப்படித்தான். அங்கே வெண்ணெயும் முட்டையும் மாட்டிறைச்சியும்தான் முன்னால் நிற்கும். தயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸுக்கு ஒரு கிலோ மாவில் 30 மஞ்சள் கரு வரைகூடச் சேர்ப்பார்கள். வெண்ணெயில் புரட்டி, இலையுதிர் காலமானால் மேலே ஆல்பா ஊரின் வெள்ளை டிரஃபிளை (மண்ணுக்கடியில் விளையும் மணமுள்ள காளானை) சீவுவார்கள். அதே பியட்மாண்ட்டின் வெர்செல்லி, நோவாரா ஊர்கள் பக்கம் போனால் நீர் தேங்கிய நெல்வயல்கள். ரிசோட்டோ என்ற குழைவான சோற்றுக்கான அரிசி அங்கே விளைகிறது.

ஆலிவ் எண்ணெய் அறவே இல்லை என்று சொல்லவில்லை. பாஞ்ஞா கவுதா என்ற சூடான தொடுகறி அதில்தான் வேகிறது: பூண்டும் நெத்தலி வகை மீனும் கரையும்வரை சிறு தீயில் வைத்து, காய்கறிகளைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கடலே இல்லாத பியட்மாண்ட்டுக்கு அந்த உப்பு மீன் வந்தது லிகுரியக் கடற்கரையிலிருந்து மலை ஏறிய வணிகப் பாதைகள் வழியாக.