தார் எடுக்கவா, ஜிம்னி எடுக்கவா என்று கேட்கும் மச்சானுக்கு

மச்சான் ஒருவன் பாச்சலூர் பக்கம் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருக்கிறான். பத்திரம் முடிந்த மறுநாளே போன். "தார் எடுக்கவா, ஜிம்னி எடுக்கவா?" மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, இரண்டும் ஜீப் வகை வண்டிகள். தாரில் வாழைத்தார் எத்தனை ஏறும் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தான். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. தோட்டத்தில் எத்தனை செடி நிற்கிறது என்று இன்னும் எண்ணவில்லை, ஆனால் வண்டிக்கு நிறம் முடிவாகிவிட்டது.

இந்த ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் அவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் வண்டி வியாபாரியும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் நாலரை ஏக்கர். காப்பி, மிளகு, ஊடே கொஞ்சம் மலைவாழை. தார்ச்சாலையிலிருந்து மேலே இரண்டரை கிலோமீட்டர் மண் பாதை. பன்னிரண்டு வருடமாக அந்தப் பாதையில் சாமான் ஏற்றி இறக்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் நடையை எண்ணுங்கள். வருடத்தில் எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை கிலோ? எங்கள் கணக்கு இது: தொழு உரம் மேலே போக வேண்டும், அது மட்டும் இருபத்தைந்து நடை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பி இறங்கும். மிளகு சில மூட்டைதான். வாழை வருடம் முழுக்க வாரம் ஒன்று. ஆக மொத்தம் தொண்ணூறு நடைக்குக் கொஞ்சம் மேலே. இது முப்பது நாற்பதுக்குள் நின்றால் சொந்த வண்டியே வேண்டாம். ஊரில் ஜீப் வைத்திருக்கும் அண்ணன்களுக்கு நடைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் மச்சானுக்கு அதுதான் என் முதல் ஆலோசனை. பிடிக்கவில்லை அவனுக்கு.

சரி, வண்டிதான் வேண்டும் என்றால் அடுத்த கேள்வி பாதை. எல்லோரும் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஜிம்னிக்கு 210 மில்லிமீட்டர், தாருக்கு 226. மலைத் தோட்டத்தில் பாதி வண்டிகள் நின்றுபோவது அடி தட்டி அல்ல, அகலத்தால். எங்கள் பாதையின் மிக மோசமான இடம் ஓடையை ஒட்டிய வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஏழடி. பழைய மாருதி ஜிப்சியின் அகலம் 1,540 மில்லிமீட்டர், அதாவது ஐந்தடி. தார் கிட்டத்தட்ட ஆறடி. அந்த ஓரடி வித்தியாசத்தை ஷோரூமில் நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மழை நாளில் வலது பக்கச் சக்கரம் பள்ளத்து விளிம்பில் உருளும்போது தெரியும்.

அகலம்கூடப் பரவாயில்லை. உண்மையில் வண்டி தேர்வுக்கு இறக்கம்தான் பரீட்சை. இதை நான் ஏட்டில் படிக்கவில்லை.

2016 ஜனவரி. கீழேயிருந்து ஒரு பிக்கப்பை வாடகைக்கு எடுத்திருந்தோம். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பதினான்கு மூட்டை காப்பி, மூட்டை ஐம்பது கிலோ. டிரைவர் தம்பி சமவெளிக்காரர், நல்ல பையன். செகண்ட் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறக்கினார். மூன்றாவது வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. புத்தியாக மேட்டுப் பக்கம் ஒடித்து ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாத்தினார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மூட்டை ஓடையில் போனது. முப்பது வருடமாக எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிற அண்ணன் ஒருவர் வந்தார், சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். "தம்பி, ஏத்துறதுக்கு எஞ்சின் இருந்தாப் போதும். இறக்குறதுக்குத்தான் வண்டி வேணும்" என்றார். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அவர் சொன்னதன் கணக்கு எளிது. எழுநூறு கிலோவை மலையிலிருந்து இறக்கும்போது அதன் வேகத்தை எல்லாம் பிரேக் சூடாகத்தான் மாற்றுகிறது. டிரம் சூடேறும், பிரேக் ஆயில் கொதிக்கும், குழாயில் ஆவி சேரும், பெடல் தரையைத் தொடும். ஆயில் பழசாகி ஈரம் இழுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான், யாரும் மாற்றுவதில்லை. லோ கியர் (எல்லாக் கியரையும் இன்னும் மெதுவாக்கும் தனி கியர்) இருக்கிற ஃபோர் வீல் வண்டியில் அதையும் முதல் கியரையும் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடைவேகத்தில் இறக்கும், அதுவும் நாலு சக்கரத்தையும். பிரேக்கைக் கடைசி வளைவுக்கு மிச்சம் வைக்கலாம். தாரின் லோ கியர் விகிதம் 2.48, ஜிம்னிக்கு 2. இரண்டுமே இந்த வேலைக்குப் போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023 ஜனவரியில் வந்த மலிவான தார், பின் சக்கரம் மட்டும் இழுப்பது. வெளியே பார்க்க அதே தார்தான். மச்சான் பார்த்து வைத்திருந்ததும் அதுதான்! அப்புறம் குமிழைத் திருகினால் மணல், சேறு, பனி என்று திரையில் படம் காட்டும் நகரத்து எஸ்யூவிகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் லோ கியரே கிடையாது. கொடைக்கானல் போய்வர நல்ல வண்டிகள், உரமூட்டைக்கு அல்ல.

இப்போது பாரம். ஜிம்னியை எனக்குப் பிடிக்கும். சிறிய உடம்பு, உறுதியான ஆக்சில், வழுக்குப் பாறையில் ஆடு மாதிரி ஏறும். ஆனால் அது சுமக்கக்கூடியது ஆட்களையும் சேர்த்துச் சுமார் 340 கிலோ. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தாலே முடிந்தது. பின்னால் சீட்டை மடித்து ஐந்து மூட்டை அடுக்கலாம், ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது. தாரிலும் இடம் அவ்வளவுதான். புது வண்டியின் பின்பக்கம் சாணி உரம் ஏற்ற யாருக்கு மனசு வரும்? வாங்கிய முதல் மாதம் தார்ப்பாய் விரிப்பார்கள், இரண்டாவது மாதம் ஜீப்பை வாடகைக்குக் கூப்பிடுவார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருப்பது 2013 ஜிப்சி. அழகுக்காக எடுக்கவில்லை. நாலு மூலையிலும் லாரியில் இருப்பது மாதிரி லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), வண்டியின் எடையே ஒரு டன்தான், ராணுவம் அதை வைத்திருந்தது 500 கிலோ சுமக்கும் வகையில். அந்த 500 போதாது, ஏசியும் மேல்கூரையும் வேண்டும் என்றுதான் 2017-ல் 3,192 சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்து 800 கிலோ வகைக்கு மாறினார்கள். எனக்கு 400 கிலோ போதும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: முதுகு போய்விடும், பெட்ரோல் குடிக்கும், ஏர்பேக் கிடையாது, தரைத் தகடு துருப்பிடிக்கும். வீட்டம்மா இதில் வத்தலக்குண்டு வரைகூட வரமாட்டார்.

பத்து ஏக்கருக்கு மேல், பாதையும் கொஞ்சம் அகலம் என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். பொலேரோ கேம்பரில் ஃபோர் வீல் வருகிறது. டீசல், ஒரு டன் ஏறும், இரண்டு வரிசை சீட்டு, வேலையாட்களும் போகலாம். நீளம்தான் தொல்லை, ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். அது சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), பிறகு வருடா வருடம். பேட்ஜ் (சரக்கு, வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸில் வாங்கும் தனி அனுமதி) வேண்டுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது.

சின்ன யானை (டாடா ஏஸ்), மற்ற சாதாரண பிக்கப்புகள் பற்றி ஒரு வார்த்தை. அவை பாரத்தோடு ஏறிவிடும், காலியாக ஏறாது. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். பின்னால் எடை இருந்தால்தான் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்கும், காலி வண்டி சேற்றில் சும்மா சுற்றும். அதனால்தான் மேலே போகும்போது பின்னால் நாலு கல்லைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

மினி டிராக்டரும் டிரெய்லரும் வாங்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஏற்றத்துக்குப் பிரமாதம். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். எங்கள் பாதைக்கு வேண்டவே வேண்டாம்.

யூடியூபில் அமெரிக்கப் பண்ணை வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது அந்தத் திறந்த குட்டி வண்டி. போலாரிஸ் ரேஞ்சர் மாதிரி. உண்மையிலேயே நல்ல யோசனை, பின்தட்டில் 450 கிலோ வரை ஏற்றலாம். இங்கே அதற்குப் பொதுச்சாலையில் ஓடப் பதிவு கிடைக்காது என்பதுதான் சிக்கல். தோட்டத்துக்குள் சுற்றலாம், மூட்டையோடு ஊர்ச்சந்தைக்குப் போக முடியாது. இந்த வகை வண்டி ஒன்றுக்குக் கவாசாகி 1988-ல் வைத்த பெயர் 'மியூல்', கோவேறு கழுதை. எங்கள் அப்பா இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் காலத்தில் எல்லாமே குதிரைதான். முதுகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டை, நடைக்கு நூறு கிலோ. ஓடைக்கு மேலே உள்ள அரை ஏக்கருக்கு இன்றைக்கும் பக்கத்துத் தோட்டத்துக் குதிரையைத்தான் கூப்பிடுகிறோம், ஜிப்சி அங்கே போகாது.

பழைய வண்டி எடுக்கிறவர்கள் எஞ்சினைக் கேட்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். மலையில் ஓடும் பழைய ஜீப்புகளில் பலவற்றின் ஆர்.சி. எந்தக் காலத்திலோ முடிந்திருக்கும். 15 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆக்கினார்கள். பெயர் மாற்றாமல் நாலு கை மாறிய வண்டி என்றால் முதல் சொந்தக்காரரைத் தேடி அலைய வேண்டும். நான் எட்டு மாதம் அலைந்தேன். அப்புறம் ஃபோர் வீலை அங்கேயே போடச் சொல்லி, ஒரு மண்மேட்டில் ஏற்றி, லோ கியரில் பிரேக் தொடாமல் இறக்கிப் பாருங்கள். விற்கிறவர் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மச்சான் இன்னும் சமாதானமாகவில்லை. "நீ சொல்றதைப் பார்த்தா குதிரைதான் வாங்கணும் போல" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் பாதையை நடந்து பார்க்கப் போகிறோம். வளைவுகளை அளக்க டேப் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன். எப்படியும் மறந்துவிடுவான், என்னுடையதைப் பையில் போட்டுவிட்டேன்.