ரெட்ரோ வாங்குவதற்கு முன்னால் காலடியைப் பாருங்கள்

போன மாதம் தோழி ஒருத்தியின் புது ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். ஹால் முழுக்க 'டெராசோ' டைல்ஸ். வெள்ளையில் கறுப்பும் பழுப்புமாகச் சில்லு சில்லாகத் தெரிந்தது. "இப்ப இதுதான் டிரெண்டு, ரெட்ரோ லுக்" என்றாள். குனிந்து பார்த்தால் நம் பழைய வீடுகளில் இருந்த மொசைக் தரை, அதுவும் அச்சடித்தது. கதவோரம் இருந்த ஒரு சில்லு, நான்கு டைல் தள்ளி அதே வளைவோடு மறுபடியும் இருந்தது.

வீடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இவளுடைய அம்மா வீட்டில் அசல் மொசைக்கே இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அதை உடைத்து லாரியில் ஏற்றிவிட்டு விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

ஏனென்றால் நாங்களும் அந்தத் தப்பைச் செய்ய இருந்தோம். திருச்சியில் எங்கள் வீடு 1986இல் அப்பா கடன் வாங்கிக் கட்டியது. ஹால் நடுவில் எட்டு இதழ் பூ, சுற்றிலும் பச்சைக் கரை, கட்டங்களைப் பிரிக்கிற மெல்லிய கண்ணாடிப் பட்டை, எல்லாம் மொசைக்கில். இரண்டு வருடத்துக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்றதும் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை, "தரையை உடைச்சிடுங்க." வேலைக்குப் பேச வந்த ஒருவர், சுத்தம் செய்து காட்டுகிறேன் என்று பாத்ரூம் ஆசிட்டை ஒரு மூலையில் ஊற்றிவிட்டார். நுரைத்துக்கொண்டு வந்தது. மார்பிள் சில்லும் சிமென்டும் ஆசிட்டில் கரையும். அந்த மூலை சொரசொரவென்று வெளுத்துப்போய்விட்டது. "பாத்தீங்களா, இனிமே இது தேறாது" என்றார்.

தேறியது. பழைய மேஸ்திரி ஒருவரைத் தேடிப் பிடித்தோம். விரிசல்களில் வெள்ளைச் சிமென்டோடு கலர் பவுடர் கலந்து அடைத்தார். அப்புறம் பாலிஷ் மெஷின் வந்தது. முதலில் சொரசொரப்பான கல், பிறகு அதைவிட நைசான கல் என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போனார். வீடெங்கும் பால் போல வெள்ளைச் சேறு. சின்ன வயதில் இதே சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. நான்காம் நாள் கழுவிவிட்டதும் அந்தப் பச்சைக் கரை, அப்பா முதல் முறை பார்த்த நிறத்திலேயே மேலே வந்தது. ஆசிட் பட்ட மூலையில் மட்டும் கையால் தடவினால் லேசான பள்ளம் தெரியும். செலவு, உடைத்து டைல்ஸ் போடக் கேட்ட தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

மொசைக் என்பது மேல்பூச்சு இல்லை. சிமென்டில் சில்லைக் கலந்து போட்டு, இறுகிய பிறகு சில்லின் வயிறு தெரியும்வரை தேய்ப்பதுதான் வேலை. அதனால் தேயத் தேய அடியிலும் அதே சில்லு இருக்கும். அச்சடித்த டைலில் மேல் பரப்புப் போனால் படமே போய்விடும்.

நாற்காலி கதையும் இதுதான். இரும்புக் கம்பிச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய சேர் இரண்டு பரணில் கிடந்தன. வெல்வெட் சோபாவில் மே மாதம் உட்கார்ந்து பாருங்கள், முதுகு நனைந்துவிடும். ஒயர் சேரில் காற்று உள்ளே போய் வரும். பிரம்பு பின்னல் அதைவிடச் சுகம். பார்வையற்றோருக்கு இந்தப் பின்னல் வேலையைக் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலக நாற்காலிகளை அவர்களில் பலர் பின்னியிருக்கிறார்கள். ஒரு நாற்காலியைத் திரும்பப் பின்னக் கொடுத்தால் அந்தக் கைக்கு ஒரு நாள் வேலை கிடைக்கிறது. எங்கள் இரண்டையும் நீலமும் வெள்ளையுமாகப் பின்னி வாங்கினோம். அப்பா காலையில் பேப்பர் படிப்பது இப்போது அதில்தான்.

எனக்குக் கோபம் வருவது ஃபால்ஸ் சீலிங்கைப் பார்க்கும்போது. பழைய வீட்டில் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி வென்டிலேட்டர் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியே போகும். அதை ஜிப்சம் பலகையால் மூடிவிட்டு, கீழே சுவரில் பித்தளை உருளியும் பழைய ரேடியோவும் வைத்து 'விண்டேஜ் கார்னர்' என்கிறார்கள். அந்த வீட்டில் இருந்த பழைய பொருளிலேயே உபயோகமானது வென்டிலேட்டர். அதைத்தான் முதலில் அடைத்தார்கள். மாடிப்படிப் பக்கம் காற்று வர ஓட்டை ஓட்டையாக இருந்த சிமென்ட் ஜாலிக்கும் இதே கதிதான்.

செட்டிநாட்டுத் தூண் ஆசை உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் பெரும்பாலும் யாரோ இடித்த வீட்டினுடையவை. இடிந்துபோனதை வாங்கிக் காப்பாற்றுவது சரி. ஆனால் கேட்கிற ஆள் கூடக்கூட இடிக்கிற ஆசையும் கூடுமே என்று எனக்குப் பயம்.

தரை புதிதாகத்தான் வேண்டுமென்றால், காரைக்குடிப் பக்கம் கையால் டைல்ஸ் செய்கிற ஆத்தங்குடிக்குப் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு இறுக்குகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியோடு ஒட்டியிருந்த முகம் வழவழவென்று வரும், நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். ஆசிட் மட்டும் காட்டக் கூடாது. 'ஆத்தங்குடி டிசைன்' என்று அச்சடித்து விற்பதை வாங்கினால் அந்தக் கைகளுக்கு ஒரு ரூபாய் போகாது.

அடுத்த வாரம் எங்கள் படிக்கட்டு ஜாலியைத் திறக்கிறோம். கொசு வருகிறதென்று 2005இல் நாங்களே சிமென்ட் பூசி அடைத்தது. உள்பக்கம் கொசுவலைச் சட்டம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். திருச்சிப் பக்கம் மொசைக் பாலிஷ் போடுகிறவர், ஒயர் பின்னுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். எங்களுக்குச் செய்துகொடுத்த மேஸ்திரிக்கு மூட்டு வலி. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அக்கா வீட்டுத் தரை இன்னும் பாக்கி இருக்கிறது.