நீர்நாய் வந்துவிட்டது, சரி. ஆறு சுத்தமாகிவிட்டதா?

ஆற்றில் நீர்நாய் நீந்தும் வீடியோ ஒன்று வந்தால் போதும், "ஆறு சுத்தமாகிவிட்டது, இதோ சாட்சி" என்று பகிரத் தொடங்கிவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகம் செத்த நீர்நாய்களைச் சேகரித்து 1992 முதல் நடத்திவரும் ஆய்வுத் திட்டத்தைப் பார்த்தால் காரணம் புரியும். (அங்கிருப்பது யூரேசிய நீர்நாய். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் அதே இனம் உண்டு. காவிரியில் கூட்டமாக மீன் வேட்டையாடுவது வேறு இனம்.)

பிரிட்டனில் 1950களில் விதைநேர்த்திக்கும் ஆடுகளை முக்கியெடுக்கும் மருந்துக்கும் டீல்ட்ரின், ஆல்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தினார்கள். அது ஆற்றில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனையே நம்பி வாழும் நீர்நாயின் உடம்பில் குவிந்தது. 1977–79இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 3,000 இடங்களில் தேடியதில் நூற்றுக்கு ஆறு இடங்களில்தான் தடயம் கிடைத்தது. அந்த மருந்துகளுக்குத் தடை வந்தது, 1978இல் சட்டப் பாதுகாப்பும் வந்தது. 2011இல் எல்லா மாவட்டங்களுக்கும் நீர்நாய் திரும்பிவிட்டதாக அறிவித்தார்கள். மகிழ வேண்டிய சேதிதான்.

ஆனால் அந்தக் கணக்கு எதைப் பார்த்து எடுத்தது? எச்சத்தை, அதாவது நீர்நாயின் மலத்தை. ஒவ்வோர் இடத்திலும் 600 மீட்டர் கரையை நடந்து தேடுவார்கள். பாலத்தடிக் கல், ஓடைகள் சேரும் முனை, நீட்டிக்கொண்டிருக்கும் பாறை ஆகியவற்றில் அது இருக்கும். மீன்முள்ளும் செதிலுமாகக் கறுத்திருக்கும். முகர்ந்தால் மல்லிகைத் தேநீர் வாசம் என்பார்கள். அதே ஆற்றங்கரையில் திரியும் மிங்க் என்ற சிறு விலங்கின் எச்சமோ குடலைப் புரட்டும். ஒரு வெள்ளம் வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே எச்சம் இல்லாவிட்டால் நீர்நாய் இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் எத்தனை நீர்நாய், என்ன உடல்நிலை என்று தெரியாது. வேல்ஸில் 2009–10இல் 90 சதவீத இடங்களில் கிடைத்த தடயம், 2015–18இல் 70 சதவீதமாக இறங்கியது. ஏன் என்பதை எச்சத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

அதற்குத்தான் செத்த உடல் வேண்டும். பெரும்பாலானவை சாலையில் வண்டி அடித்தவை. பார்த்தவர் தகவல் கொடுக்கிறார், அரசு நிறுவனம் எடுத்து அனுப்புகிறது, உடல் உறைபெட்டிக்குப் போகிறது. மேசைக்கு வந்ததும் எடை, மூக்கிலிருந்து வால்நுனி வரை நீளம், பல் தேய்மானம், ஆறிய கடிக்காயங்கள் எல்லாம் குறிக்கப்படும். பெண் என்றால் கருப்பையில் குட்டி ஈன்ற தழும்பு தேடுவார்கள். பித்தப்பையைக் கீறித் தட்டைப்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஈரல் துண்டு ரசாயனச் சோதனைக்கு எடுத்து வைக்கப்படும்.

2007 முதல் 2009 வரை செத்த 50 நீர்நாய்களின் ஈரல்களைப் பின்னாளில் சோதித்தார்கள். ஐம்பதிலும் பிஎஃப்ஏஎஸ் இருந்தது. ஒட்டாத பாத்திரத்திலும் தீயணைப்பு நுரையிலும் சேர்க்கப்படும், எளிதில் சிதையாத ரசாயனக் குடும்பம் அது. நீர்நாய் மீண்டுவருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் செத்த விலங்குகள் இவை! ஈரலைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. பல்கலைக்கழகங்களில் உறைபெட்டிக்கும் மின்கட்டணத்துக்கும் நிதி கேட்டால் முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. வளைக்குள் நோயில் செத்தது யார் கண்ணிலும் படாது. சாலை இல்லாத பகுதி கணக்கில் குறைவாகவே வரும். இதையும் சேர்த்து மக்களுக்குச் சொல்வதுதான் நேர்மையான விழிப்புணர்வு. அழகான குட்டிப் படம் போட்டு விருப்பக்குறி வாங்குவதோடு நிறுத்தினால் பார்ப்பவருக்கு எந்த வேலையும் இல்லை. "செத்ததைக் கண்டால் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திய பிறகே படம் எடுங்கள், கைபேசியில் வரைபட இடத்தைக் குறியுங்கள், கையால் தொடாதீர்கள், அன்றே சொல்லுங்கள்" என்றால் அவரும் ஆய்வில் பங்காளி. "அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி" என்று ஒரு வாரம் கழித்து வரும் தகவலால் அழுகிய உடலும் பயனற்ற இடக்குறிப்பும்தான் மிஞ்சும்.

இடம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். மழைக்காலத்தில் பாலத்தடியில் நீர் சுழித்து ஓடும்போது நீர்நாய் அதற்குள் நீந்தாமல் கரையேறிச் சாலையைக் கடக்கும், அப்போதுதான் அடிபடும். பாலத்தின் உட்சுவரில் வெள்ள மட்டத்துக்கு மேலே ஒரு நடைத்திட்டு அமைத்து, சாலையோரம் வேலி போட்டு நீர்நாயை அந்தத் திட்டுக்குத் திருப்பிவிட்டால் சாவு குறையும். எந்தப் பாலத்தில் முதலில் அமைப்பது என்பதைக் காட்டுவது, பார்த்தவர் குறித்தனுப்பிய அந்த இடம்தான்.