கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும்?

கூடங்குளம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் உலை பாதுகாப்பானதா, நமக்கு மின்சாரம் கிடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு விவாதம் முடிந்துவிடுகிறது. நான் அணுமின்சாரத்தை அடியோடு எதிர்ப்பவன் அல்லன். ஆனால், உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் எரிபொருளை எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமலே அங்கு உலைக்கு மேல் உலையாகக் கட்டிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பயன்படுத்திய எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். சோவியத் ஒன்றியம் சிதறிய பின், 1998இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது அந்தப் பொறுப்பு இந்தியாவின் தலையில் வந்து விழுந்தது. திட்டத்தின் தன்மையையே மாற்றிய இந்தத் திருத்தம் குறித்து, உலைக்கு அருகிலுள்ள கடலோர ஊரான இடிந்தகரை மக்களிடம் அன்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்குள்ள உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் கற்றைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் நாலரை மீட்டர் நீளம் கொண்ட அறுகோணக் கற்றை. எரிபொருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, உலைக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் குளத்தில் நீருக்கடியில் வைக்கப்படுகிறது. உலையை விட்டு வெளியே வந்த பிறகும் கற்றைகள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருப்பதால், அந்த நீரை இடைவிடாமல் குளிர்விக்க வேண்டும். 2011இல் ஜப்பானில் நடந்த ஃபுகுஷிமா அணு விபத்தின்போது, அங்கிருந்த நான்காம் உலையில் எரிபொருளே இல்லாதபோதும், அதன் குளத்தைப் பற்றித்தான் உலகம் அஞ்சியது. கூடங்குளத்தின் குளமோ சில ஆண்டுகளின் கற்றைகளை மட்டுமே தாங்கும்.

2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, பயன்படுத்திய எரிபொருளை வைக்கும் இடமாகக் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கத்தைக் குறிப்பிட்டதும் கோலார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சில நாள்களிலேயே அப்படியொரு திட்டம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. இடிந்தகரை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியும் கிடைக்காத செவிசாய்ப்பு அது. அவர்களுக்குக் கிடைத்தவை தடியடியும் தேசத்துரோக வழக்குகளும்தான்.

2013 மே 6இல் உலையை இயக்க அனுமதித்த உச்ச நீதிமன்றம், பயன்படுத்திய எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு மையம் ஒன்றை ஐந்து ஆண்டுகளில் அமைக்கச் சொன்னது. 2018இல் உலைகளை நடத்தும் இந்திய அணுமின் கழகம் மேலும் காலம் கேட்க, கெடு 2022 வரை நீண்டது. அதே வளாகத்தில் மையம் அமைப்பதற்காக 2019 ஜூலையில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. இதற்கிடையே 2017இல் மூன்று, நான்காம் உலைகளுக்கும் 2021இல் ஐந்து, ஆறாம் உலைகளுக்கும் அடித்தளக் கான்கிரீட் போடும் வேலை மட்டும் தடையின்றித் தொடங்கியது.

பயன்படுத்திய எரிபொருள் கழிவல்ல, மறுசுழற்சி செய்யத்தக்க வளம் என்பது அரசின் நிலைப்பாடு. அப்படியே இருக்கட்டும். அந்த மறுசுழற்சி எந்த ஊரில், எந்த ஆண்டில் நடக்கும், அதுவரை கற்றைகள் கூடங்குளத்தில் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்பதைத் தமிழில் எழுதி, ராதாபுரம் வட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்ப வேண்டும். அதைச் செய்து முடிக்கும்வரை, புதிய உலைகளில் எரிபொருள் ஏற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதி தரக்கூடாது.