காசு கட்டுகிறவனுக்கே கதவு திறக்காத இன்டர்நெட்

இன்டர்நெட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், ஓடிடி இலவசம் என்று நீடாமங்கலம் கடைத்தெருவில் தட்டி வைத்திருக்கிறார்கள். இந்த இணைப்பில் நீங்கள் வெளியே போகலாம், வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வர முடியாது என்று அந்தத் தட்டியில் ஒரு வரி உண்டா? விண்ணப்பத்தில் உண்டா? கிடையாது. பணம் கட்டி, ஃபைபர் இழுத்து, பெட்டியை மாட்டிய பிறகு நாமாக மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். வயிறு எரிகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. எனக்கு வேலை கோயம்புத்தூரில். அப்பா அம்மா ஊரில், வெண்ணாற்றங்கரையில். வாசலில் ஒரு கேமரா, கொல்லையில் ஒரு கேமரா, பதிவெல்லாம் வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியில். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டால், முறை வரும்வரை அப்பா அங்கேயேதான் கிடப்பார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டேன் என்பார்கள். ஐப்பசி மழையோ எந்த நேரமும் கொட்டும். படுதாவை இழுத்து மூட ஆள் வேண்டுமே, குவியலை விட்டு எப்படி நகர்வார்? அந்த ராத்திரிகளில் வீட்டில் அம்மா தனியாக. படுக்கப் போகும்முன் நான் இங்கிருந்தே கொல்லைப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குச் சரியான வழி விபிஎன், அதாவது என் போனிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போக ஒரு பூட்டிய தனி வழி. கேமராவை அப்படியே வெளியுலகத்துக்குத் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள். 2016-ல் மிராய் என்ற மால்வேர், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத்தான் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் வரை தடுமாற வைத்தது. கேமரா கம்பெனியின் ஆப் இருக்கிறதே என்பார்கள். அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்ப்பது எந்த ஊர் சர்வர் வழியாகப் போய் என் போனுக்கு வருகிறது என்று தெரியாமல் நான் ஏன் அதைப் பார்க்க வேண்டும்?

ஆகவே வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கர்னலிலேயே (அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) சேர்த்துவிட்ட விஷயம், அதை ஓட்ட உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரான ஒரு ராஸ்பெர்ரி பை போதும். வீட்டுப் பக்கம் ஒரு ஜோடி டிஜிட்டல் சாவி (ஒன்று ரகசியம், ஒன்று பொது), போன் பக்கம் ஒரு ஜோடி, ஒன்றின் பொதுச்சாவியை மற்றதில் எழுத வேண்டும். ரவுட்டரில் வயர்கார்டுக்கான வாசலான யுடிபி 51820 போர்ட்டைப் பை பக்கம் திருப்பிவிட வேண்டும். முடிந்தது வேலை.

முடிந்ததா? போனில் ஆன் செய்தால் மேலே சாவி அடையாளம் வருகிறது, இணைந்துவிட்டது போலவே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அனுப்பியது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, பெற்றது பூஜ்யம். வயர்கார்டின் குணம் அது. சரியான சாவி இல்லாமல் வருகிறவனுக்குப் பதிலே சொல்லாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தப்பு சாவியிலா, போர்ட்டிலா, நடுவில் லைனிலா என்று நமக்கும் ஒரு வார்த்தை சொல்லாது. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

கடைசியில் விடை ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருந்தது. வான் ஐபி (ரவுட்டருக்குக் கம்பெனி கொடுத்த முகவரி) என்ற இடத்தில் 100.81 என்று தொடங்கும் எண். உன் ஐபி எது என்று காட்டும் தளத்தைத் திறந்தால் அங்கே வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் சிஜிநாட்டுக்கென்றே, அதாவது பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பெனி பகிரும் ஏற்பாட்டுக்கென்றே, 2012-ல் ஒதுக்கப்பட்டவை. வெளியிலிருந்து அவற்றைத் தேடி யாரும் வர முடியாது. நம் ரவுட்டருக்கு மேலே கம்பெனியின் இன்னொரு நாட் (முகவரி மாற்றும் பெட்டி) உட்கார்ந்துகொண்டு, பல வீடுகளை ஒரே பொது ஐபியில் அடைக்கிறது. நான் என் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்து என்ன பயன்? மேலே இருப்பது மூடியல்லவா கிடக்கிறது! மாறும் ஐபியை ஒரு பெயரோடு கட்டிவைக்கும் டிடிஎன்எஸ் போட்டாலும் ஊருக்கே பொதுவான அந்த எண்ணைத்தான் காட்டும். உங்கள் வீட்டில் விபிஎன் போடும் எண்ணம் இருந்தால் முதல் வேலையாக இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், "நெட் வருதா சார்?" வருகிறது. "ஸ்பீட் டெஸ்ட்ல வருதா சார்?" வருகிறது. "அப்ப லைன்ல பிரச்சினை இல்ல சார்." டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். இன்னொருவர், "விபிஎன் இந்தியாவுல தடை சார்" என்கிறார். அப்பட்டமான பொய். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. தன் வீட்டுக்குத் தானே போக வழி போடுகிறவன் யாருக்கு என்ன சேவை விற்கிறான்?

ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கொடுங்கள், மாதம் கூடுதலாகக் கட்டுகிறேன் என்றேன். "அது பிசினஸ் பிளானுக்குத்தான் சார், ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?" நெல் போடுகிற மனுஷன் ஜிஎஸ்டி நம்பருக்கு எங்கே போவார்? லைன் பார்க்க வந்த தம்பி ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். "அட்மின் பாஸ்வேர்டை எங்ககிட்டயே தரமாட்டாங்கண்ணே, பிரிட்ஜ் மோடுல போடவும் விடமாட்டாங்க." பிரிட்ஜ் மோடு என்றால் அவர்கள் பெட்டி லைனை மட்டும் கடத்திவிட்டு, நம் சொந்த ரவுட்டரை வேலை செய்ய விடுவது. அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதை யாரிடம் கேட்பது?

ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிக்குப் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். மொத்தமே சுமார் 429 கோடி, உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குத்தானே முகவரிக்குப் பஞ்சமே இல்லாத ஐபிவி6! 1998-லேயே வரையறுத்து வைத்தது. என் போனில் வருகிறது. வீட்டுக்கு வரும் ஃபைபரிலும் பெயருக்கு வருகிறது, ஆனால் அவர்கள் கொடுத்த ரவுட்டர் உள்ளே வரும் எதையும் தடுத்துவிடுகிறது, அதைத் தளர்த்தும் இடம் பூட்டிய பக்கத்தில் இருக்கிறது. பற்றாக்குறையைக் காட்டி ஒரு கதவை மூடினார்கள், பற்றாக்குறையே இல்லாத கதவை எதற்கு மூடினார்கள்?

இப்போதைக்கு ஓட்டிக்கொண்டிருப்பது இப்படித்தான்: பொது ஐபி உள்ள ஒரு விபிஎஸ்ஸை, அதாவது வெளியே ஒரு சர்வரை, வாடகைக்கு எடுத்து, ராஸ்பெர்ரி பையும் போனும் அதை நோக்கி வெளியே போய்ச் சந்திக்கின்றன. பை பக்கம் 25 நொடிக்கு ஒருமுறை சின்னச் செய்தி அனுப்பும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் வைத்தால் வழி அடையாமல் இருக்கிறது. இதையே தயாராகத் தரும் டெயில்ஸ்கேல் சேவையைப் போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் ஒருங்கிணைக்கும் சர்வர் அவர்களுடையது, எனக்கு மனசு ஒப்பவில்லை. போகிற போக்கில் ஒன்று, வீட்டு நெட்வொர்க்கின் உள் முகவரிகள் 192.168.1 என்றே தொடங்கினால் முதலில் மாற்றிவிடுங்கள். தங்கும் விடுதியிலும் அதே எண் இருந்தால் விபிஎன் இணைந்தும் எதையும் தொட முடியாது.

வேலை நடக்கிறது, கோபம் அடங்கவில்லை. ஊரில் ஒரு பில், அந்த ஊருக்குள் நுழைய இன்னொரு சர்வருக்கு வாடகை. கம்ப்யூட்டர் பிழைப்பே பார்ப்பதால் எனக்காவது இந்தச் சுற்றுவழி தெரிந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர் வீட்டைப் பார்க்க நினைக்கிற எத்தனை பிள்ளைகள், அந்தக் கேமரா கம்பெனி ஆப்பையே கதியென்று விட்டிருப்பார்கள்!

சிஜிநாட் என்றால் விண்ணப்பத்திலேயே தமிழில் எழுதுங்கள். வீட்டு இணைப்புக்கும் நியாயமான தொகைக்குப் பொது ஐபி கொடுங்கள். ரவுட்டர் பாஸ்வேர்டைக் கையில் கொடுங்கள். ஐபிவி6-ல் எதை உள்ளே விடுவது என்பதை வீட்டுக்காரன் முடிவு செய்யட்டும். இதில் ஒன்றையாவது எழுத்தில் தருகிற கம்பெனி டெல்டாவில் எந்த ஊரில் இருந்தாலும் சொல்லுங்கள், பிளான் முடிவதற்குள் மாறிவிடுகிறேன்.